படித்துக் காட்டாத தீர்மானம்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் வனக்காப்பாளர்கள் நாலு பேர் போன மாதம் என் வீட்டுக்கு வந்தார்கள். ஆளுக்கு ஒரு போன், அதில் காட்டின் வரைபடம். எந்த இடத்தில் எந்த மரக்கன்று என்று அதிலேயே தெரிந்துவிடுகிறதாம்.

"எல்லாம் இதுல கீதுங்கய்யா. ஊர்க்காரங்கள மீட்டிங்குக்கு எப்படி வர வைக்கிறதுன்னு மட்டும் இல்ல" என்றார் ஒருவர்.

பயிற்சி வகுப்பில் வந்து பேசச் சொன்னார்கள். எனக்குப் பேச வராது. எழுதித் தருகிறேன் என்றேன். ஐந்தாவது வரை படித்தவன் எழுதியது இது. பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

என் பெயர் ஏழுமலை. வனத்துறையில் வாட்சராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஊர் வல்லம் வடகாலுக்கும் ஒரகடத்துக்கும் நடுவில். ஒரு பக்கம் கம்பெனிச் சுவர், இன்னொரு பக்கம் ஏரி, ஏரிக்கு அந்தாண்டை காப்புக்காடு. காடு என்றதும் பெரிதாக நினைத்து வருகிறவர்கள் ஏமாந்து போவார்கள். யானை கிடையாது, அருவி கிடையாது. களா, காரை, ஈச்சம், சூரை முள், நடுநடுவே வெப்பாலை. ஆள் உயரம் தாண்டினால் அதுதான் எங்களுக்குப் பெரிய மரம்.

வேலைக்குச் சேர்ந்தது சின்னக் கதை. கன்று நடக் குழி வெட்டக் கூலிக்குப் போனேன். ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழம். மேஸ்திரி அளவுக் குச்சியை என் குழியில் விட்டுப் பார்த்தார். அடுத்த குழியிலும் விட்டுப் பார்த்தார். மறுநாளும் வரச் சொன்னார். அப்படியே பல வருடம் தினக்கூலி, அப்புறம் நிரந்தரம். எல்லைக்கல் தேடுவது, தீ அணைப்பது, கன்று எண்ணுவது எல்லாம் செய்யச் செய்யத் தெரிந்துகொண்டதுதான்.

பிறகு கிராம வனக்குழு வந்தது. காட்டை ஊரும் துறையும் சேர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு. வீட்டுக்கு ஒருவர் உறுப்பினர். காவல் காப்பது ஊர். விறகும் புல்லும் களாக்காயும் ஈச்சம் ஓலையும் ஊருக்கு. எல்லாம் சரி, கூட்டம் போட்டால்தான் ஆள் வரவில்லை. பகல் பதினோரு மணிக்கு எங்கள் ஊரில் யார் இருப்பார்கள்? பாதிப் பேர் கம்பெனியில். மீதிப் பேர் நைட் ஷிஃப்ட் முடித்துப் போர்வைக்குள்.

அந்தச் சமயத்தில்தான் செல்வராணி மேடம் எங்களுக்கு வனவராக வந்தார். தென்காசிப் பக்கத்துக்காரர். மெலிந்த உடம்பு, பெரிய பூட்ஸ். அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. முதல் கூட்டத்துக்கு ஒன்பது பேர் வந்திருந்தோம். மேடம் நோட்டைத் திறந்தார். வந்தவர்கள் பெயரை எழுதுவார் என்று நினைத்தேன்.

"வராதவிய பேரச் சொல்லுங்க" என்றார்.

சொல்லச் சொல்லப் பென்சிலால் எழுதினார். நாலு பக்கம் வந்தது. தாளைக் கிழித்து என்னிடம் கொடுத்தார்.

"ஒவ்வொரு வீடா போயி, ஏன் வரலன்னு கேட்டுட்டு வாங்க ஏழுமலை அண்ணே. ஏன் வரலன்னு சண்ட போட்டுறாதீய. கேட்டுட்டு மட்டும் வாங்க."

பத்து நாள் போனேன். எல்லா வீட்டிலும் ஒரே பதில், ஷிஃப்ட். ஒரு வீட்டில் மட்டும், "நீங்க கூப்புடவே இல்லியே" என்றார்கள். அதையும் மேடம் எழுதிக்கொண்டார்.

அதன்பிறகு கூட்டம் ஞாயிறு நாலு மணி. இடம் கம்பெனி பஸ் நிற்கும் நிழற்குடை. அங்கே வந்து நிற்பது எல்லாருக்கும் காலுக்குப் பழகின விஷயம், தானாக வந்துவிடுவார்கள். குழுத் தலைவராகத் தணிகைவேல் வந்தான். இருங்காட்டுக்கோட்டையில் கார் சாமான் செய்யும் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். காவல் முறையை அவன்தான் ஷிஃப்ட்டுக்குத் தக்கபடி மாற்றினான். செகண்ட் ஷிஃப்ட்காரர்கள் காலையில் காட்டைச் சுற்றுவது. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்காரர்கள் வந்து டீ குடித்துவிட்டுச் சாயந்திரம் சுற்றுவது. நைட் ஷிஃப்டுக்கு அந்த வாரம் விடுப்பு. சுற்றி முடித்ததும் குழுவின் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு போட வேண்டும். முக்கால்வாசி இப்படித்தான் இருக்கும்: "ஏரிக்கரை ஓகே. வடக்கால கல்லு ஓகே. மயிலு ஓகே. ஹேண்ட் ஓவர்."

ஒரு நாள் யாரோ நரியைப் படம் எடுத்துப் போட்டுவிட்டார்கள். நரியைப் பார்த்தால் நல்லது நடக்கும் என்று எங்கள் பக்கம் நம்பிக்கை. அந்த வாரம் முறை இல்லாதவர்கள்கூடக் காலையில் வந்து நின்றார்கள். "பர்மனெண்ட் ஆர்டர் வர்ற வரைக்கும் டெய்லி வருவேன்" என்றான் ஒரு கான்ட்ராக்ட் பையன். நரி அதற்குப் பிறகு ஒரு மாதம் கண்ணில் படவில்லை. இத்தனை பேர் தேடினால் அது ஏன் வருகிறது.

இப்போது கன்னியம்மா விஷயம். அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

கன்னியம்மாவிடம் முப்பது ஆடுகளுக்கு மேல் இருந்தன. புருஷன் இல்லை. ஒரே மகள், நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஊர் மேய்ச்சல் நிலமெல்லாம் கம்பெனிகள் வந்த பிறகு சுவருக்குள் போய்விட்டது. கம்பெனியில் வேலை கேட்டுப் போனாள். வயது தாண்டிவிட்டது என்று வாசலிலேயே அனுப்பிவிட்டார்கள். அந்த ஆடுகள்தான் அவளுக்கு வேலை. அதுகளுக்கு மிஞ்சியிருந்தது காப்புக்காடு ஒன்றுதான்.

ஏரி ஓரமாகக் கன்று நடத் திட்டம் வந்தது. நட்ட இடத்தில் மூன்று வருடம் ஆடு மாடு போகக் கூடாது. அதற்குக் குழு தீர்மானம் போட வேண்டும். முறை இதுதான்: தீர்மானத்தை எல்லார் முன்னாலும் இரண்டு தடவை வாசிக்க வேண்டும். சந்தேகம் கேட்டால் பதில் சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் கையெழுத்தோ கைநாட்டோ. பாதி வீடுகளாவது வேண்டும்.

அந்த ஞாயிறு பார்த்துக் கம்பெனிகளில் ஓ.டி. வைத்துவிட்டார்கள். ஆள் குறைந்தது. மேடம் பயிற்சிக்காக வெளியூர் போயிருந்தார். தீர்மானப் புத்தகம் மறுநாள் சரக அலுவலகத்துக்குப் போகாவிட்டால் கன்றுகள் வேறு ஊருக்குப் போய்விடும். நர்சரியில் கன்றுகளைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். நல்ல கன்றுகள்.

மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்குப் புத்தகத்தோடு நிழற்குடைக்குப் போனேன். பஸ் வந்து நின்றுவிட்டது. ஒருவன் முதுகில் புத்தகத்தை வைத்து இன்னொருவன் கையெழுத்துப் போட்டான். "இன்னாத்துக்குண்ணா?" "காடு போடறோம்." "போடு போடு." அவ்வளவுதான் பேச்சு. அப்புறம் வீடு வீடாகப் போனேன். இன்னும் ஒரு கை குறைந்தது.

கன்னியம்மா பட்டியில் இருந்தாள். ஓர் ஆடு குட்டி போட முடியாமல் கத்திக்கொண்டிருந்தது. அவள் வலது கை வேலையில் இருந்தது.

"இன்னாண்ணா இந்நேரத்துல?"

"காடு போடறோம் கன்னிம்மா. ஒரு கை வை."

"வலது கை பார்த்தல்ல எங்க கீதுன்னு? இடது கையப் புடிச்சி வச்சிக்க. சீக்கிரம், தல வருது."

இடது கட்டைவிரலை மையில் தொட்டுப் புத்தகத்தில் அழுத்தினேன். ஆடு உதைத்தது. கைநாட்டு பாதி இழுபட்டுவிட்டது. குட்டி நல்லபடியாக வந்தது. நானும் சந்தோஷமாகப் புத்தகத்தைச் சரகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தீர்மானத்தில் மூன்று வருடம் ஆடு போகக் கூடாது என்று இருப்பதை அவளுக்கு நான் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். சொன்னால் கை வைக்க மாட்டாள் என்றும் எனக்குத் தெரியும்.

மழைக்கு நட்டோம். தை மாதம் காலைக் காவல் போனவர்கள் வாட்ஸ்அப்பில் படம் போட்டார்கள். கன்றுகளுக்கு நடுவில் கன்னியம்மாவின் ஆடுகள். ஒரு வாரத்தில் மூன்று தடவை. மூன்றாவது தடவை பிடிபட்டால் அந்த வீட்டைக் குழுவிலிருந்து நீக்க வேண்டும், காட்டுக்குள் எதற்கும் வரக் கூடாது, ஆடுகளைப் பிடித்துத் துறையின் பட்டியில் அடைக்க வேண்டும். இதுவும் அதே தீர்மானத்தில் இருந்தது.

ஞாயிறு நிழற்குடை நிரம்பிவிட்டது. மேடமும் வந்திருந்தார். கன்னியம்மா ஓரமாக நின்றாள். தணிகை ஆரம்பித்தான்.

"ரூல்னா எல்லாருக்கும் ரூலு. லைன்ல ஒருத்தரு ஹெல்மெட் போடாம வந்தா உள்ள வுடுவாங்களா? அக்கா, நீயும்தான கை வச்சிக்கிற?"

"எதுல வச்சேன்?"

"புக்குல."

"அது காடு போடறதுக்கு வச்சது. நானா வேணான்னேன்?"

"ஆடு வரக் கூடாதுன்னு அதுல போட்டுக்குது."

"எனுக்கு யாருப்பா சொன்னா?"

"படிச்சித்தான கை வப்பாங்க?"

"படிக்கத் தெரிஞ்சா நான் ஏன்டா கை நாட்டு வைக்கிறேன்?"

சிலர் சிரித்தார்கள். ஒரு பெரியவர், "எல்லாத்தையும் வித்துட்டு ரெண்ட மட்டும் கட்டி வளர்த்துக்கோ" என்றார். "உன் வூட்டுல மூணு பேரு கம்பெனிக்குப் போறாங்க. ஒருத்தன மட்டும் அனுப்பிட்டு மத்தவங்களக் கட்டிப் போடேன், பார்க்கலாம்" என்றாள் கன்னியம்மா.

தணிகை ஓட்டெடுப்புக்குப் போனான். கை தூக்கச் சொன்னால் எல்லாரும் தூக்குவார்கள். ஆடு வைத்திருப்பது அவள் ஒருத்திதான்.

நான் எழுந்து நின்றேன். கூட்டத்தில் நான் பேசினது அதுதான் முதல் தடவை.

"தப்பு என்னுது. நான் படிச்சிக் காட்டல. குட்டி போடற நேரத்துல போயி அவ கையப் புடிச்சி நானே அழுத்தினேன். உங்கள்லயும் பாதிப் பேருக்குப் படிச்சிக் காட்டல."

மேடம் புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தைத் திருப்பினார். இழுபட்ட கைநாட்டைப் பார்த்தார். பக்கத்தில் இன்னொரு கறை இருந்தது, அது மை இல்லை. அதையும் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். புத்தகத்தை என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"இப்பம் வாசிங்க அண்ணே. ரெண்டு தடவ."

வாசித்தேன். எழுத்துக் கூட்டி வாசிக்கிறவன், நேரம் ஆனது. இரண்டாம் தடவை முடித்ததும் மேடம், "சந்தேகம் இருந்தா கேளுங்க" என்றார்.

கன்னியம்மா கேட்டாள். "என் ஆடு தண்ணிக்கி எந்தப் பக்கமா போவும்?"

மேடம் எழுந்து பூட்ஸ் கயிற்றை இறுக்கினார். "வாங்க, போயிப் பாப்போம்."

கூட்டம் மொத்தமும் ஏரிக்கு நடந்தது. அங்கே போனதும் விஷயம் தெரிந்துவிட்டது. நாங்கள் அடைத்த இடம் ஏரிக்குள் இறங்கும் ஒரே பாதையையும் சேர்த்து அடைத்திருந்தது. மற்ற பக்கமெல்லாம் கம்பெனிச் சுவரும் பள்ளமும். ஆடு வெயிலில் தண்ணீருக்குப் போக வேண்டுமானால் கன்றுகளுக்கு நடுவில்தான் போக வேண்டும். படத்தில் கோடு போட்டபோது இது எங்களுக்குத் தெரியவில்லை. அவள் அன்றைக்குக் கூட்டத்தில் இருந்திருந்தால் ஒரு வார்த்தையில் சொல்லியிருப்பாள்.

அங்கேயே உட்கார்ந்து பழைய தீர்மானத்தை ரத்து செய்தோம். கன்னியம்மா முன்னால் நடந்து குச்சியால் கோடு கிழித்தாள். பத்தடி அகலத்தில் தண்ணீருக்கு ஒரு வழி. காட்டை மூன்று பங்காகப் பிரித்து ஒரு பங்கை மட்டும் மூன்று வருடம் அடைப்பது, மற்ற இரண்டும் மேய்ச்சலுக்கு. கோடு நெடுகக் கல் போடுவது. தணிகைக்குப் பிடிக்கவில்லை. "ஒருத்தருக்காக ரூல மாத்தறோம்" என்று சொல்லிக்கொண்டே கல் தூக்கிப் போட்டான். நான் இரண்டு தடவை வாசித்தேன். கன்னியம்மா மூன்றாம் தடவையும் வாசிக்கச் சொன்னாள். அப்புறம் கட்டைவிரலைச் சேலையில் துடைத்துவிட்டு அழுத்தமாக வைத்தாள்.

எனக்கு மெமோ வந்தது. ஏன் முறைப்படி செய்யவில்லை என்று விளக்கம் கேட்டு. நான் எழுதினேன்: "படித்துக் காட்டவில்லை. தவறு என்னுடையது." மேடம் திருப்பி அனுப்பினார். ஏன் என்பது இல்லையாம். கீழே ஒரு வரி சேர்த்தேன்: "எனக்கு அவசரம். ஆட்டுக்கும் அவசரம்." அதைப் படித்துவிட்டு மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. மெமோவை ஃபைலில் போட்டுவிட்டார்.

அந்த வருடம் கன்று எண்ணினோம். வரிசை வரிசையாக ஒருவர் நடந்து "இருக்கு", "இல்ல" என்று சொல்ல, இன்னொருவர் கோடு போட வேண்டும். ஏரி ஓரத்தில் "இல்ல" அதிகம். ஆடு தின்றது கொஞ்சம்தான். தண்ணீர் ஏறி நின்று அழுகியதுதான் மிச்சம். அங்கே நாட்டுக் கருவேலம்தான் நிற்கும், ஆனால் விதை சரியாக முளைக்காது, தோல் கெட்டி. நானும் மேடமும் பேசிக்கொண்டிருந்ததைக் கன்னியம்மா கேட்டுக்கொண்டு நின்றாள்.

"பட்டிய வந்து கூட்டிப் பாரு. மூட்டக் கணக்குல கெடக்குது."

ஆடு கருவேலங்காயைத் தின்னும். கொட்டை வயிற்றில் ஊறித் தோல் இளகிப் புழுக்கையோடு பட்டியில் வந்து விழும். அது சீக்கிரம் முளைக்கும். அவள் பட்டி ஓரத்திலேயே முளைத்து நின்றதைக் காட்டினாள். அடுத்த மழைக்கு ஒரு மூட்டை கொட்டையைக் கொண்டுபோய் மண்மேடு போட்டு விதைத்தோம். கம்பெனி உடுப்போடு ஆளுக்கு ஒரு பை ஆட்டுப் புழுக்கை.

"பி.டெக் படிச்சிட்டு இதப் பொறுக்கறேன் பாரு" என்றான் ஒருவன்.

"மூக்கப் புடிச்சிக்கினு பொறுக்காத. கொட்ட வுட்டுப் பூடும்" என்றாள் கன்னியம்மா.

முளைத்தது. முள் மறைவில் மற்ற கன்றுகளும் தப்பித்து ஏறின. எல்லாம் சுமுகம் என்று சொல்ல மாட்டேன். ஆரம்பத்தில் இரண்டு தடவை அவள் ஆடுகள் கல் தாண்டின. இரண்டு தடவையும் அவளே குரல் பதிவு போட்டாள்: "கன்னியம்மா பேசறேன். என் ஆடு நாலு உள்ள பூந்துடுச்சி. ஓட்டிட்டேன். ஹேண்ட் ஓவர்." மகள் சொல்லிக் கொடுத்திருப்பாள். மகள் படிப்பு முடித்து மணிமங்கலம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டாள். ஆடுகளை விடச் சொல்லியிருக்கிறாள். கன்னியம்மா விடவில்லை.

மூன்று வருடம் முடிந்தது. அடைத்த பங்கைத் திறந்து அடுத்த பங்கை அடைக்க வேண்டும். நான் ஓய்வு பெற இரண்டு மாதம் இருந்தது. துறை கொடுத்த தேதி வேலை நாளில் விழுந்துவிட்டது. செகண்ட் ஷிஃப்ட்காரர்கள் பஸ்ஸுக்கு முன்னால் வந்துவிட்டுப் போகிறோம் என்று உடுப்போடு வந்து நின்றார்கள். தணிகையும் வந்தான். மேடம் மாற்றலாகிப் போய்விட்டார். புது வனவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "வுடுங்கம்மா" என்றார்.

கன்னியம்மா கோட்டிலிருந்து ஒரு கல்லை உருட்டி நகர்த்தினாள். ஆடுகளைப் பார்த்து நாக்கைச் சொடுக்கினாள்.

ஒன்றும் நகரவில்லை. எதிரில் முழங்கால் உயரப் புல், தளிர், காய். ஆடுகள் கல் வரிசை வரைக்கும் வந்து நின்று அவள் முகத்தைப் பார்த்தன. மூன்று வருடம் அந்தக் கல்லில்தான் அவள் அதுகளைத் திருப்பியிருக்கிறாள். பாதி ஆடுகள் அந்த மூன்று வருடத்தில் பிறந்தவை. கல்லுக்கு அந்தப் பக்கம் ஒன்று இருப்பதே அதுகளுக்குத் தெரியாது.

"போங்கடி" என்று தள்ளிப் பார்த்தாள். இரண்டு திரும்பிப் பழைய வழியில் தண்ணீருக்கு நடந்தன. எல்லாரும் சிரித்துவிட்டோம். கன்னியம்மா மட்டும் சிரிக்கவில்லை. கல்லைத் தாண்டி உள்ளே போய் நின்றுகொண்டு வெளியில் நிற்கும் ஆடுகளைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"தாண்டாதன்னு அடிச்சி அடிச்சி வச்சிட்டேன்" என்றாள்.

ரோட்டில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. தணிகை பையை என்னிடம் கொடுத்தான். குனிந்து ஒரு குட்டியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கல்லைத் தாண்டினான். தாய் ஆடு கத்தியது. கல்லை ஒரு தடவை முகர்ந்தது. பின்னாலேயே தாண்டியது. அதற்குப் பின்னால் இன்னொன்று. அப்புறம் மொத்தமும்.

தணிகை குட்டியை இறக்கிவிட்டுத் திரும்பினான். நீல உடுப்பில் தோளிலிருந்து இடுப்பு வரை குட்டி மூத்திரம் இறங்கியிருந்தது.

"வூட்டுக்குப் போயி மாத்திக்கினு போப்பா" என்றாள் கன்னியம்மா.

"லேட்டாயிடும்க்கா" என்றான். பையை வாங்கிக்கொண்டு அப்படியே ஓடிப் பஸ் ஏறினான்.